அம்மா பேரில் 60,000 ரூபாய்: பெண்கள் காப்பகத்துக்கு எதைக் கொடுப்பது?

அம்மா போய் ஒரு வருடம் ஆனதும், ஆளுக்கு 20,000 போட்டு ஆண்டுக்கு 60,000 ரூபாய், வடசென்னையில் இருக்கிற ஒரு பெண்கள் காப்பகத்துக்குக் கொடுப்பது என்று நாங்கள் மூன்று பேரும் பேசி முடித்தோம். எங்கே கொடுப்பது என்பதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருபது வருடம் பாத்திரம் தேய்த்த ஆயா கடைசி நான்கு வருடம் அங்கேதான் இருந்தார். மகன் இருந்தும் போக்கிடம் இல்லை. அம்மா மாதம் ஒரு தடவை முறுக்கும் வெற்றிலைபாக்கும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆக, இடத்தில் தகராறு இல்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு மாதம் இழுத்தது.

அண்ணனுக்கு அன்னதானம்தான். "பசிச்சவங்களுக்குச் சோறு போடுறதைவிட என்னடி பெரிய தர்மம்?" என்றார். அக்கா, "பொருளா வாங்கிக் கொடுத்துடுவோம், கையில காசு கொடுத்தா எங்க போகும்னு யாருக்குத் தெரியும்" என்றாள். எனக்கு மாதம் 5,000 என்று வங்கியில் போட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. அதில் கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே நேரில் போய் வார்டனிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று பேருமே மனசை மாற்றிக்கொண்டோம். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மளிகைக்கடையில் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் கா, ம, இ என்று எழுதி, பக்கத்தில் சாப்பாடு போடுகிறவர் பெயர். காலை, மதியம், இரவு. வார்டன் அதைக் கழற்றி என் மடியில் வைத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஜனவரி 1, பொங்கல், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தீபாவளி. இந்தக் கட்டங்களில் எல்லாம் இரண்டு மூன்று பெயர்கள், ஒன்றை அடித்து ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் நிறைந்திருக்கின்றன. செவ்வாயும் புதனும் வெறும் வெள்ளை. ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பினால் மொத்தமாக ஐந்து பெயர்தான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், பீஸ் கட்டி எல்லார் கையும் காய்ந்திருக்கும்.

அங்கே 42 பேர் இருக்கிறார்கள். வடை பாயசத்தோடு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 4,500 ரூபாய் வாங்குகிறார்கள், காலை டிபனுக்கு 2,000. "பாயசம் வேணாம், அந்தக் காசுல ரெண்டு நாளைக்குப் பருப்பும் காயும் வாங்கிக்கிறேன்னு சொன்னா யாருக்கும் மனசு வர மாட்டேங்குது மேடம்" என்றார் வார்டன். 42 பேரில் பதினொரு பேருக்குச் சர்க்கரை. தீபாவளியன்று மூன்று வீட்டிலிருந்து இனிப்பு வந்து இறங்கும்போது அவர்களைக் கட்டுப்படுத்துவதே ஒரு வேலையாம். வெளியே ஓட்டலில் வாங்கி வந்து இறக்கும் பொட்டலங்கள் இன்னொரு தலைவலி. பன்னிரண்டு மணிக்கு என்று சொன்ன சாப்பாடு மூன்று மணிக்கு வரும், சட்னி ஊசிப்போயிருக்கும். இப்போது, இங்கேயே சமைக்கக் காசு கொடுங்கள், சமைத்துக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் வைத்து அண்ணன் கட்சியைத் தூக்கிப் போட முடியாது. போட்ட காசு நேராக வயிற்றுக்குப் போகிறது, நடுவில் யார் கையும் இல்லை. கொடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்தால் அந்தப் பெண்களுக்கு அன்று முழுக்கப் பேச ஆள் கிடைத்த மாதிரி. ஒரு பாட்டி, போன மாதம் யாரோ ஒரு குழந்தை கேக் வெட்டித் தனக்கு ஊட்டியதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஆனால் 60,000 ரூபாயையும் சாப்பாட்டில் போட்டால் வருடத்தில் பதின்மூன்று மதியம், கொஞ்சம் சில்லறை மிச்சம். அதுவும் ஏற்கெனவே நிறைந்திருக்கிற கட்டங்களில் விழுந்தால் வீண். அன்னதானம்தான் என்றால் ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை எது காலி என்று கேட்டுப் போடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு போடுகிறவர்கள் செல்போனை எடுத்து வரிசையாகப் படம் பிடிக்கிறார்கள். அங்கே தங்கியிருக்கும் பெண்களில் சிலர் அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவர்கள். பின்னால் சுவரில் காப்பகத்தின் பெயர் தெரிய, தட்டோடு ஒருத்தி நிற்கிற படம் முகநூலில் ஏறினால் அவள் இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். வாசலில் உங்களை நிறுத்தி, போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுகிற காப்பகம் என்றால் கோபப்படாதீர்கள். அது ஒழுங்காக நடக்கிற இடம்.

அக்கா சொன்ன பொருள் கணக்குக்கு வருவோம். பழைய துணி எப்போது அதிகம் வரும் தெரியுமா? போகிக்கு முந்தின வாரம். எரிக்க மனசில்லாத எல்லாம் மூட்டையாகக் கட்டி இங்கே வருகிறது. மாடிப்படிக்குக் கீழே அந்த மூட்டைகளைப் பார்த்தேன். பட்டுச் சேலை இருக்கிறது, ஜரிகை கிழிந்தது. வேறொருத்தி அளவுக்குத் தைத்த ஜாக்கெட் ஐம்பது அறுபது இருக்கும். சேலை கொடுக்கிற யாருக்கும் பாவாடை கொடுக்கத் தோன்றுவதில்லை. உள்ளாடையும் நாப்கினும் கொடுக்கக் கூச்சம். அங்கே தினசரி உடுத்துவது நைட்டி. அது வருடத்துக்கு ஆளுக்கு மூன்று வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டும், தலைக்குப் பேன் மருந்து வேண்டும், படுக்கையில் சிறுநீர் போய்விடுகிற வயதானவர்களுக்கு ரப்பர் விரிப்பும் டயாப்பரும் வேண்டும். வார்டன் மேசையில் இந்தப் பட்டியல் இருக்கிறது. கேட்டால் கொடுக்கிறார், கேட்கத்தான் ஆள் இல்லை. அரிசி மூட்டையும் துவரம்பருப்பும் எப்போது கொடுத்தாலும் செலவாகிவிடும், அதில் தப்பே நடக்காது.

பெரிய பொருளாக ஒன்று வாங்கிக் கொடுப்பது அக்காவுக்கு ரொம்பப் பிடித்த யோசனை. பீரோ, வாஷிங்மெஷின், அதன்மேல் 'அன்னாரின் நினைவாக' என்று ஒரு தகடு. சாப்பாட்டுக் கூடத்தில் அப்படி ஒரு தகட்டோடு தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் தலையில் எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். ஃபில்டர் மாற்ற ஒவ்வொரு தடவையும் சில ஆயிரம் கேட்கிறார்கள், கொடுத்தவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், அதனால் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்களாம். வாஷிங்மெஷின் என்றால் கரண்டு பில், தண்ணீர் லாரி எல்லாம் கூட வரும். வாங்கிக் கொடுப்பதானால் ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் இயந்திரம் வேண்டாம், நல்ல கோரைப்பாய் வாங்கிக் கொடுக்கலாம். அக்காவிடம் அந்தத் தட்டு அடுக்கைச் சொன்னதும் பீரோ பேச்சே நின்றுபோனது.

அடுத்தது பணம். இதைத்தான் யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை, இதற்குத்தான் தட்டுப்பாடு அதிகம். காப்பகத்தின் நோட்டைப் பார்த்தால் புரியும். ராத்திரியில் வாசலுக்கு உள்பக்கம் படுத்திருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் 11,000. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்டு பில். கட்டட வாடகை. கழிவறைக் குழாய் அடைப்பெடுக்க ஆள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கும் ஒருத்தியைக் கூட்டிப்போக ஆட்டோ. ராத்திரிப் பெண்ணின் மார்ச் மாதச் சம்பளம் என் பெயரில் என்று யாராவது காலண்டரில் எழுதுவார்களா? ஆனால் அவள் இல்லாவிட்டால் அது பெண்கள் காப்பகமே இல்லை. தெருவில் தூங்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர்கள் ராத்திரியில் தூங்குவதில்லை, பகலில் கோயில் வாசலிலோ ரயில்நிலையத்திலோ உட்கார்ந்தபடி கண்ணயர்வார்கள். காப்பகம் கொடுப்பது முதலில் பயமில்லாத ஒரு ராத்திரி. சோறு அப்புறம்தான்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலைதானே என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும், வருடம் முழுக்கவும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. 2013-இல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் வீடற்றோர் காப்பகம் ஒரு பகுதியாகவே சேர்ந்தது. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களைக் கொண்டு இப்படிக் காப்பகங்கள் நடத்துகிறது, பெண்களுக்குத் தனியாகவும் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் வழிகாட்டுதலில் 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட முழுசாக வராது. ஒரு டீயும் இரண்டு வடையும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் நகரங்களில் மட்டும் வீடற்றவர்கள் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் என்று எழுதினார்கள். தலையை எண்ணுகிறவர் வரும் நேரத்தில் கண்ணில் படாதவர்கள் அதில் இல்லை. ஆகவே அரசு நடத்தும் இடம், தனியார் அறக்கட்டளை நடத்தும் இடம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் மேல்காசு தேவைப்படுகிறது.

நம்பிக்கை விஷயத்தில் அக்கா கேட்டதும் சரியே. பணம் கொடுப்பதற்கு முன் நான் மூன்று கேட்டேன். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்கள். போன வருட தணிக்கை அறிக்கையைக் கேட்டேன், நகல் கொடுத்தார்கள். மூன்றாவதாக, கடைசி கரண்டு பில்லைக் கட்டிய ரசீது. இது கொஞ்சம் துடுக்குத்தனம்தான். ஆனால் கணக்கு எழுதுகிற இடத்தில் அது இரண்டு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். இங்கே வந்தது. இதற்கு முன்னால் நான் விசாரித்த வேறொரு இடத்தில், "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்று ஆரம்பித்தார்கள். சரி என்று வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வரி விஷயம் சுருக்கமாக. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) உள்ள இடமென்றால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. அரிசி, சேலை என்று பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. எங்கள் மூவரில் அண்ணன் மட்டும்தான் பழைய முறையில் இருக்கிறார், அதனால் ரசீது அவர் பெயரில்.

இதுவரைக்கும் என் கட்சி ஜெயித்த மாதிரிதான் இருந்தது. கிளம்பும்போது வார்டன் சொன்ன ஒன்று என் கணக்கையும் கலைத்தது.

"காசு எப்படியோ புரட்டிடறோம் மேடம். தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போக ஆள்தான் இல்லை."

முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது. ஆண்டுக்கு 14,400. காப்பகத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்களுக்குத் தகுதி இல்லாமல் இல்லை, காகிதம் இல்லை. நான்கு பேருக்குக் காகிதம் சரிசெய்து கொடுத்தால் வருடத்துக்கு 57,600 ரூபாய். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கொடுப்பதாகச் சொன்ன தொகைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் குறைவு. அது அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும், அந்தந்தப் பெண்ணின் பெயரிலேயே வரும். யாரிடமும் கை நீட்டாமல் அவளே வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆயாவுக்கு இதை நாங்கள் செய்து கொடுத்திருக்கலாம். முறுக்கோடு நிறுத்திக்கொண்டோம்.

காகிதம் என்பது லேசான வேலை இல்லை. ஆதார் இல்லாதவர்களுக்கு, அங்கீகாரம் உள்ள காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை ஆதார் மையத்தில் ஏற்பார்கள், அதற்கென்று படிவம் இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கும்? கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்து, கடைசியில் கண்ணைப் பதிந்துகொண்டு வர வேண்டியிருக்கும். சிலர் முன்பே ஒரு தடவை எடுத்திருப்பார்கள், அட்டை தொலைந்திருக்கும், எண் ஞாபகம் இருக்காது. அப்போது புதிதாகப் பதிந்தால் நிராகரித்துவிடும், பழையதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரேஷன் அட்டை இன்னும் சிக்கல். பெயர் மகன் குடும்பத்து அட்டையில் இருக்கும். அங்கிருந்து பெயரை நீக்கினால்தான் வேறு அட்டைக்கு வழி. நீக்கச் சொல்லி மகன் வீட்டு வாசலில் போய் யார் நிற்பது? அந்த அட்டை இல்லாவிட்டால் இலவச அரிசி இல்லை, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கும் வழியில்லை. வீடு இல்லாதவளுக்கு முகவரி இல்லை, முகவரி இல்லாதவளுக்கு எதுவுமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

அதேபோல ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஒருத்தியைச் சேர்த்தால் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, கஞ்சி வாங்கி வர. காப்பகத்தில் மூன்றே ஊழியர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் 41 பேரை இரண்டு பேர் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு பகல் ஒழிகிற பெண் யாராவது, மாதத்துக்கு ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தால் அதற்கு ரூபாயில் விலை போட முடியாது. ஆண்கள் வருத்தப்பட வேண்டாம், வரிசையில் நிற்பதற்கும் படிவம் நிரப்புவதற்கும் நீங்கள் போகலாம்.

ஆனால் நேரம் கொடுப்பதிலும் ஒரு கெடுதி உண்டு. ஆர்வமாக வந்து மூன்று வாரம் யோகா சொல்லிக்கொடுத்துவிட்டு நின்றுபோகிறவர்கள் நிறைய. அந்தப் பெண்கள் ஏற்கெனவே விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள். நாலாவது வாரமும் அவர்கள் தயாராகி உட்கார்ந்திருப்பார்கள். வருடம் முழுக்க வர முடியாது என்றால் வராமலே காசு அனுப்புவது மேல்.

இன்னும் பெரிய தொகை வைத்திருக்கிறவர்கள் புதிதாக ஒரு காப்பகம் தொடங்கலாமா என்று கேட்பதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. இருப்பதைத் தூக்கி நிறுத்தவே கை போதவில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியது வேறு: எல்லாருக்கும் காப்பகம்தான் தீர்வா என்பது. அந்த 42 பேரில் ஐந்து பேருக்கு மனநோய்க்கு மருத்துவம் நடக்கிறது. அவர்களுக்கு வரிசையாகப் பாய் விரித்த கூடம் போதாது. சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பேனியன் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்கென்றே அடைக்கலம் என்ற இடத்தை நடத்துகிறது. பிற்பாடு, வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து, உதவிக்கு ஒரு ஆள் வைத்து வாழ வைக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். தன் வீடு, தன் அடுப்பு, பக்கத்து வீட்டுக்காரி. ஒருத்திக்கு ஆகும் வாடகைப் பங்கை ஏற்றுக்கொள்வது நான் பார்த்த வழிகளில் ரொம்ப நல்ல ஒன்று. எங்கள் அறுபதாயிரம் அதற்குப் போதாது, அதோடு ஆயா இருந்த இடத்தை விட அம்மாவுக்கு மனசு வராது.

கடைசியில் நாங்கள் பிரித்தது இப்படி. மாதம் 3,500 ரூபாய் வங்கியில் தானாகப் போகும், எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. 42,000 அதில் போய்விட்டது. 12,000 அக்கா கையில், ஆட்டோ, நகல், ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அக்கா வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எந்தப் படிவம் எந்த மேசையில் தூங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். "பீரோ வாங்கிக் கொடுத்துட்டு வீட்டில உட்காரலாம்னு பார்த்தேன்" என்று சலித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். இதுவரை இரண்டு பேருக்கு உதவித்தொகை ஆணை வந்திருக்கிறது, ஒருத்தியின் மகனை வழிக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மிச்சம் 6,000 அண்ணனுடையது. திதி வருவது புரட்டாசியில், அன்றைக்குத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார். காலண்டரில் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே இரண்டு பெயர் இருந்தது. அப்போதுதான் எனக்கு அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. அம்மா நிஜமாக எப்போது பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிக்கொண்டதுதான் பிறந்தநாள், அம்மாவுக்கு எழுதியது ஜூன் 1. அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, ஆனா வடை உண்டு" என்றார். வார்டன் ஜூன் பக்கத்தைத் திருப்பி, முதல் கட்டத்தில் 'ம' என்று எழுதி, அம்மா பெயருக்கு எந்த 'ன'கரம் என்று என்னிடம் கேட்டார்.